கூம்புப்பூக்களின் காய்ந்த தலைகள்

கலைந்த தலையைக் கண்டால் சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டு ஆளின் கிருதா ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாக இருந்துவிட்டால், இறங்குகிற வரைக்கும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடரியைச் சரிபண்ணிவிட்டு வந்த மனிதர். தொழில் புத்தி என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தொழில் புத்திதான் அந்தக் குளிர்காலத்தில் அவர் குடும்பத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

கடை கீழே, தெருவைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு சுழல் நாற்காலி, சுவரோடு சுவராக ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கடைக்குப் பின்னால் சமையலறை, மாடியில் இரண்டு அறை. சமையலறைக் கதவைத் திறந்தால் தோட்டம். கடையில் நிற்பவருக்குத் தோட்டம் தெரியாது, தோட்டத்தில் நடப்பதும் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனிதரை அநியாயமாகத் திட்டத் தோன்றும்.

மாடி அறையில் மகள் இருந்தாள். ஒரே மகள். நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை. அவன் கடலுக்குப் போகும் மாதங்களில் அவள் பெற்றோரோடு இருப்பாள். இலை உதிரத் தொடங்கிய சமயத்தில் அவளுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, "தாத்தா பாட்டி உள்ள வந்து பார்க்கிறீங்களா?" என்று கேட்டாள். மகள் அப்போது குழந்தையை மடியில் வைத்திருந்தாள். சலூன்காரர் முடியாது என்று தலையாட்டினார். எழுந்த மனைவியின் கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பார்த்தால் மறக்க முடியாது, பார்க்காவிட்டால் மறந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் தொட்டில், துணி, பஞ்சு மெத்தை எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்தனுப்பினார். "இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அவ மனசு ஆறட்டும்" என்று உத்தரவு போட்டார். மாப்பிள்ளை விடுப்பில் வந்து கூடவே இருந்தான். அவனுக்கும் இதே உத்தரவுதான். அப்புறம் கப்பல் கூப்பிட்டது, போனான்.

மனசு ஆறவில்லை. பேச்சுதான் நின்றது. குழந்தையைப் பற்றிப் பேசாமல் இருந்த மகள், மெல்ல மெல்ல எதைப் பற்றியும் பேசாமல் ஆனாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வரும். போன வாரம் டாக்டரம்மா வந்து எடை பார்த்துவிட்டு, அம்மாவைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்: "அடுத்த தடவை நான் வரும்போது இன்னும் குறைஞ்சிருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கணும். எதையாவது பிடிச்சு அவங்களை இந்தப் பக்கம் இழுங்க." டாக்டரம்மாவை வழியனுப்பிவிட்டு அம்மா யோசித்தாள். எதைப் பிடித்து இழுப்பது?

பிடித்து இழுக்க ஒன்று இருந்தது. அது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

தோட்டம் மகளுடையது. அதற்குள் பூச்சி மருந்து என்ற பேச்சே வரக் கூடாது. மூலையில் மட்கிய கட்டைகளைக் குவித்திருந்தாள், வண்டுக்காம். உதிர்ந்த இலையைக் கூட்டக் கூடாது, முள்ளெலிக்காம். தகரத் தட்டில் தண்ணீர், அதில் தேனீ மூழ்காமல் நின்று குடிக்கக் கூழாங்கற்கள். "இது தோட்டமா, சத்திரமாடி?" என்று அப்பா கேட்பார். "சத்திரம்தான். வாடகை கேக்காத சத்திரம்" என்பாள்.

அந்தச் சத்திரத்தில் ராஜ மரியாதை கூம்புப்பூச் செடிக்குத்தான். எக்கினேசியா என்று அவள் சொல்வாள். அப்பாவுக்கு நாக்கு புரளவில்லை, கூம்புப்பூ என்று வைத்துக்கொண்டார். விதையை ஈர மணலோடு பையில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தாள். குளிர் பட்டால்தான் விதை கண்திறக்குமாம். ஏதோ மசாலா என்று அம்மா அதை அடுப்படிக்கு எடுத்துப் போய், நல்ல வேளை, முகர்ந்து பார்த்தாள். முதல் வருஷம் வெறும் இலைதான். அந்த இலையையும் நத்தைகள் ஓட்டை போட்டன. மகள் அதுகளைக் கொல்ல மாட்டாள், ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அப்பால் விட்டுவிட்டு வருவாள். மறுநாள் அதே நத்தைகள் திரும்பி வந்தன என்பது அப்பாவின் சந்தேகம்.

இரண்டாம் வருஷக் கோடையில், அவள் வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது, பூத்தது. இடுப்பளவு தண்டு, உச்சியில் ஊதா இதழ்கள் பின்பக்கமாகச் சாய்ந்து தொங்க, நடுவில் செம்பழுப்பாக முள்முள்ளாய் ஒரு கூம்பு. "வகிடே எடுக்காம நாலு பக்கமும் கீழ வாரி விட்ட தலை" என்றார் அப்பா. வண்டும் தேனீயும் பட்டாம்பூச்சியும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்தக் கூம்புகளில்தான் குடியிருந்தன. மகளைச் சந்தோஷப்படுத்த, கடைத்தெருவிலிருந்து பந்து போல அடுக்கடுக்காய் இதழ் வைத்த ஒரு ரகத்தை அப்பா வாங்கி வந்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுல தேனீக்கு வாய் வைக்க இடமே இல்லப்பா. வெறும் அலங்காரம். உங்க கடை வாசல்ல வைங்க, பொருத்தமா இருக்கும்." வைத்தார். பூ தீர்ந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, "அப்போ நான் சொல்றேன்" என்றாள்.

அந்த 'அப்போ' வந்தது. அவள் சொல்லவில்லை.

பனி இறங்கிய பிறகு இதழெல்லாம் உதிர்ந்து, தண்டு கருத்து, உச்சியில் அந்த முள் கூம்புகள் மட்டும் காய்ந்து நின்றன. அதற்குள் விதை இருந்தது. காலையில், சலூன்காரர் கடையைத் திறந்து முதல் தலைக்குத் துணி போர்த்துகிற நேரத்தில், சிறகில் மஞ்சள் கோடு போட்ட சின்னச் சிட்டுகள் கூட்டமாக வரும். காய்ந்த தலைகளின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே விதையைப் பிடுங்கித் தின்னும். ஒருநாள் பால் டம்ளரோடு மாடி ஏறிய அம்மா, மகள் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பாலைப் பக்கத்தில் வைத்தாள். மகள் பார்வையை எடுக்காமலே டம்ளரை எடுத்துக் குடித்தாள். முழுதாக. அன்றிலிருந்து சிட்டுகள் வரும் நேரம் பார்த்துத்தான் பால் மாடிக்குப் போகும். சிட்டு வந்த நாளில் டம்ளர் காலி. அந்தப் பாலில்தான் மகள் உயிரோடிருந்தாள்.

இதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடமும். சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயம். வாய்விட்டுச் சொல்லி, மறுநாள் சிட்டு வராமல் போனால் என்ன செய்வது? மென்று முழுங்கினாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

மாப்பிள்ளையின் கப்பல் கரைக்கு வருகிறது, வார முடிவில் வந்துவிடுவான் என்று தகவல் வந்தது. கடைக்கு வார விடுமுறை நாள். அம்மா சாமான் வாங்கக் கிளம்பிப் போனாள். வீட்டில் சும்மா இருந்த சலூன்காரர், சமையலறைக் கதவைத் திறந்து தோட்டத்தைப் பார்த்தார். பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். அழுகிய இலை, கருத்த தண்டு, பரட்டைத் தலையாகக் காய்ந்து கிடக்கிற கூம்புகள். கடலிலிருந்து வருகிற பையன் ஜன்னல் வழியாக இதையா பார்ப்பான்? பெண்டாட்டியையும் கவனிக்கவில்லை, அவள் தோட்டத்தையும் கவனிக்கவில்லை என்றல்லவா நினைப்பான்? மகளுக்காகத் தான் ஒன்றுமே செய்யவில்லை என்ற வேதனை அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியம் வெட்டுவது. மாடி ஏறி, மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்டார்: "அம்மாடி, தோட்டத்தைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணட்டுமா?" பதில் வரவில்லை. பதில் வராததற்கு வீட்டில் எல்லாரும் பழகியிருந்தார்கள்.

மனிதர் இறங்கினார் பாருங்கள் வேலையில்! கழுத்தில் துணி கட்டாத குறைதான். பெரிய கத்தரியால் தண்டுகளை அடியோடு வெட்டினார். தரைக்கு மேல் விரலளவுகூட விடவில்லை, ஒட்ட வெட்டினார். இலைகளை வாரினார். கடை முடியை மட்கும் குப்பை மூட்டையில் போட்டு வாசலில் வைப்பது வழக்கம். பாதி நிரம்பிய மூட்டைகள் இருக்கவே இருந்தன, கூம்புத் தலைகளை அதிலேயே திணித்தார். மதியம் குப்பை வண்டி வந்தது. தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து அழகு பார்த்தவர், நிமிர்ந்தால், மாடி ஜன்னலில் திரை விலகியிருந்தது. மகள் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு அவளே எழுந்து ஜன்னலுக்கு வந்திருக்கிறாள்! அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கத்தரியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிச் சிரித்தார்.

திரை மூடியது.

அம்மா சாயங்காலம் பைகளோடு வந்தாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பார்த்தவள் கையிலிருந்து பை நழுவி விழுந்தது. சத்தம் கேட்டு, மூடிய கடைக்குள்ளிருந்து ஓடி வந்த புருஷனை அவள் பேயறைந்தவள் மாதிரி பார்த்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நல்லா இருக்கில்ல? மாப்பிள்ளை வராரே..."

"அந்தத் தலையெல்லாம் எங்க?"

"எந்தத் தலை?"

அம்மா அப்போதுதான் சொன்னாள். சிட்டு, திரை, பால், காலி டம்ளர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சொல்லி முடித்ததும் கீழே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சலூன்காரர் நின்றது நின்றபடி நின்றார். மகள் ஏன் ஜன்னலில் நின்று பார்த்தாள் என்று இப்போது அவருக்கு விளங்கியது. தான் கத்தரியை ஆட்டிச் சிரித்ததும் கூடவே ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றார்.

"இந்த வீட்டுல வாயைத் திறக்கவே பயமா இருக்கே" என்றாள் அவள்.

மறுநாள் காலை இருவரும் சமையலறைக் கதவிடுக்கில் மூச்சை அடக்கி நின்றார்கள். சிட்டுகள் வந்தன. தோட்டத்தின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றின. ஒன்று வேலியில் உட்கார்ந்து மொட்டைத் தரையை இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு எல்லாம் பறந்து போயின. மாடியில் திரை அசையவில்லை. பால் ஆடை படிந்து அப்படியே திரும்பி வந்தது.

சலூன்காரர் கடைத்தெருவுக்கு ஓடிப் பறவைத் தீனி வாங்கி வந்து வேலியில் தொங்கவிட்டார். புறாக்கள் வந்து அடித்துக்கொண்டன, சிட்டு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கடையைத் திறந்தால் மனசாவது வேறு பக்கம் போகுமென்று திறந்தார். தபால்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது பக்கம் வெட்டி முடித்த நேரத்தில் பின்கதவு திறந்தது. மனைவி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க, தண்ணிகூட வேணாங்கிறா. உதட்டுக்கிட்ட கொண்டு போனா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறா. நாளைக்கு டாக்டரம்மா வராங்க."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீப்பைப் பிடித்தபடியே மகள் வேலை செய்த நாற்றுப் பண்ணைக்குப் போன் போட்டார். இருந்ததையெல்லாம் வெட்டி மட்கும் மூட்டையில் கொடுத்துவிட்டேன், காய்ந்த கூம்புப்பூத் தலை எங்கேயாவது கிடைக்குமா, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கிறேன் என்று கெஞ்சினார். "இந்த நேரத்துல யாருங்க வச்சிருப்பாங்க? எல்லாரும் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டாங்க. உங்க பொண்ணுதான் வெட்டக் கூடாதுன்னு எங்களோட சண்டை போடும்" என்றார் பண்ணைக்காரர். போனை வைக்கப் போனவர் இன்னொன்றும் சொன்னார்: "மட்கும் மூட்டைன்னா உரக்கிடங்குக்குத்தான் போயிருக்கும். மிஷின்ல அரைக்கிறதுக்கு முன்னாடி போனீங்கன்னா ஒருவேளை கிடைக்கலாம்."

சலூன்காரர் சீப்பைக் கீழே போட்டார். கதவுக்கு ஓடினார்.

"யோவ், என் தலை!" என்றார் தபால்காரர், பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு.

வாழ்நாளில் ஒரு கிருதாவைக்கூட ஏற்றத்தாழ்வாக விடாத மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உரக்கிடங்கு ஊருக்கு வெளியே, ரயில் பாதையைத் தாண்டி இருந்தது. வாசலில் வழுக்கைத் தலைக் காவலாளி ஒருவர் கையை நீட்டி மறித்தார். என்ன காரியம் என்று கேட்டார். கூம்புப்பூத் தலையைத் தேடி வந்தேன், என் பொண்ணு சாப்பிட மாட்டேங்கிறா, சிட்டு வரணும் என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் என்னென்னவோ சொல்லி அழுதார் சலூன்காரர். காவலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வயசான ஒரு ஆள் வாசலில் நின்று அப்படி அழுவதை அவர் பார்த்ததில்லை. "நேத்து வந்த மூட்டையெல்லாம் அந்தக் கொட்டகையில இருக்கு. அரவை மிஷின் இன்னும் அந்தப் பக்கம் போகல. சீக்கிரம் பாத்துக்குங்க" என்று வழிவிட்டார்.

கொட்டகை நிறைய மூட்டை. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஊரில் இருக்கிற அத்தனை சலூனின் முடியும் அங்கேதான் வந்து சேரும் போல. ஒவ்வொன்றாகக் கிழித்துக் கையை விட்டார். கை நிறைய முடி வந்தது, எவனெவன் முடியோ. தூரத்தில் அரவை மிஷின் ஒரு குவியலை முடித்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தது. பத்தோடு பதினொன்றாக ஒரு மூட்டையைக் கிழித்தவர் சட்டென்று நின்றார். வெள்ளையில் லேசான நீலம் ஓடிய ஒரு கொத்து. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருடையது, அவர் போடுகிற தைலத்தின் வேலை. அடியில் பேக்கரிப் பெண்ணின் சிவப்புச் சாயம் போட்ட முடி. தன் கடைத் தலைகள்! உறவுக்காரர்களைக் கண்டுகொண்ட மாதிரி அவர் அதை அள்ளிப் பார்த்தார். அந்த மூட்டைக்குள் கையை ஆழமாக விட்டார். சுருக்கென்று குத்தியது.

கூம்புகள் இருந்தன. பக்கத்து மூட்டையிலும் இருந்தன. இரண்டையும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, அரவைச் சத்தம் பின்னால் நெருங்க நெருங்க, வெளியே வந்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் மூட்டைகளைக் கொட்டினார். கொட்டியதைப் பார்த்து மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கூம்புகளின் ஒவ்வொரு முள்ளிலும் முடி சிக்கியிருந்தது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, குட்டை, நெட்டை. ஊர்க்காரர்களின் தலைகளெல்லாம் சேர்ந்து அந்தக் கூம்புகளுக்கு முளைத்த மாதிரி இருந்தது.

"பரவாயில்ல, விதை உள்ளதான் இருக்கு" என்றார். நின்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. விடிந்தால் சிட்டு வரும், அதன் பின்னாலேயே டாக்டரம்மா வருவார். மூங்கில் குச்சிகளை அள்ளிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். வெட்டிய இடங்களில் குச்சியை ஊன்றி, உச்சியில் ஒவ்வொரு கூம்பாக நூல் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். குளிரில் விரல் மரத்துப்போய் முடிச்சு விழ மாட்டேன் என்றது. பல்லால் இழுத்தார். இரண்டு கட்டினார். மூன்றாவது நழுவி விழுந்தது. தரையைத் துழாவித் தேடினார். "வந்துடு, வந்துடு" என்று முனகினார். கூம்பையா, சிட்டையா, மகளையா, யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

மேலே ஜன்னல் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. இன்னும் பலமாகத் தட்டுகிற சத்தம். பிறகு படிக்கட்டில் காலடி. சமையலறைக் கதவில் மகள் வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. நிற்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அப்படியே வைக்காதீங்க."

குரல் உடைந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. சலூன்காரர் கூம்பும் நூலுமாக உறைந்து போனார்.

"முடியோட வச்சா சிட்டு கால்ல சுத்திக்கும். இறுக்கி இறுக்கி காலே போயிடும் அதுக்கு. பண்ணையில பாத்திருக்கேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒரு முடிகூட இருக்கக் கூடாது."

"இல்லம்மா, வைக்கல. வைக்கவே மாட்டேன்" என்று கட்டியதையெல்லாம் அவசர அவசரமாக அவிழ்த்தார்.

கடையிலிருந்து சீப்புகளை எடுத்து வந்தார். நெருக்கப் பல் சீப்பு, பேன் சீப்பு, மீசைச் சீப்பு, கழுத்துத் தூசி தட்டும் பிரஷ் எல்லாம் மேசைக்கு வந்தன. அம்மா மகளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, தோளில் கம்பளியைப் போர்த்தினாள். மூவரும் விளக்கடியில் உட்கார்ந்து கூம்புகளை வார ஆரம்பித்தார்கள். பேசினால் எழுந்து போய்விடுவாளோ என்று பெரியவர்கள் இருவருக்கும் பயம். சலூன்காரர் நாற்பது வருஷத் தொழிலில் வாராத பக்குவத்தோடு வாரினார், அழுத்தினால் விதை கொட்டிவிடும். மகள் சீப்பை எடுக்கவில்லை. விரல் நகத்தால் ஒவ்வொரு இழையாகப் பிடித்து இழுத்து மேசை ஓரத்தில் ஒட்டி வைத்தாள்.

ஒரு கூம்பிலிருந்து மெல்லிய கறுப்பு இழை ஒன்று வந்தது. ஏதோ சின்னக் குழந்தைக்கு முதல் முடி எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவு மெல்லிசு. அவள் அதை மேசை ஓரத்தில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"அவளுக்கு நிறைய முடி இருந்துச்சு" என்றாள்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. புருஷனைப் பார்த்தாள். அந்தப் பேச்சு கூடாதென்று உத்தரவு போட்டவர் அவர்தானே, அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்று பார்த்தாள். பேச்சை மாற்றுவாரா, எழுந்து போவாரா, சும்மா இருக்கச் சொல்வாரா?

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, எப்போதுமே தெரிந்ததில்லை. ஒரு தலையைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ அது மட்டும்தான் தெரியும்.

"நேர் முடியாம்மா, சுருட்டையா?"

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் அந்தக் குழந்தையைப் பற்றி எதையுமே கேட்டதில்லை.

"மேல நேர் முடி. பிடரியில மட்டும் சுருட்டை. ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் விரலால ஒதுக்கி விட்டேன்."

"காது மேல?"

"காதை மூடிக்கிட்டு இருந்துச்சுப்பா. அவ்வளவு முடி."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, மகளின் நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தாள். சலூன்காரருக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"சுழி பாத்தியா? ஒத்தைச் சுழியா, ரெட்டைச் சுழியா?"

"ரெட்டைச் சுழி" என்றாள் மகள். உதடு கோணியது அவளுக்கு. "உங்களை மாதிரியே."

அவர் கை தானாகத் தன் உச்சந்தலைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அப்போ படியாதும்மா" என்றார். "எவ்வளவு தண்ணி தொட்டு வாரினாலும் படியாது, எழுந்து எழுந்து நிக்கும். நான் எவ்வளவு பாடுபட்டிருப்பேன் அந்தத் தலையோட..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மேசையில் சிதறிக் கிடந்த முடிகளின் மேல் தலையைக் கவிழ்த்து, கேவிக் கேவி அழுதார். மகளும் அழுதாள், பிறந்த குழந்தைக்காக முதல்முறையாக வாய்விட்டு, வீடே கேட்கிற மாதிரி. அம்மா இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

சலூன்காரர் முகத்தை நிமிர்த்தாமலே கையை நீட்டி மகளின் விரலைத் தேடிப் பிடித்தார்.

"சொல்லும்மா, எங்களுக்குத் தெரியாது, நாங்க பாக்கல. கண்ணு எப்படி இருந்துச்சு? யார் மூக்கு? சொல்லு."